இழுப்பறையைத் திருப்பிப் பாருங்கள்



சென்ற இதழில் பழைய தபால் கார்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு லிஃப்டிலும் வாக்கிங்கிலும் நிறுத்திப் பேசிய அனைவருக்கும் நன்றி. இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது இழுப்பறைப் பெட்டி. மரச் சட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து இழுப்பறைகள் வைத்த, மார்பு உயரச் சாமான். ஆங்கிலத்தில் 'செஸ்ட் ஆஃப் டிராயர்ஸ்' என்பார்கள். பழைய காலத்துப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள் நம் மூன்று பிளாக்கிலும் சிலர் இருக்கிறீர்கள். வீட்டில் இருப்பதைத் தள்ளிவிட நினைப்பவர்கள் அதைவிட அதிகம். இரு தரப்புக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

விஷயம் என் வீட்டில்தான் ஆரம்பித்தது. "இந்த இரும்பு பீரோவில் எதை வைத்தாலும் அது உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. நல்ல பழைய மரத்தில் டிராயர் வைத்த பெட்டி ஒன்று வாங்குங்களேன்" என்றார் என் மனைவி. ஊருக்கு வெளியே பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கே கறுப்பு பாலிஷில் பளபளவென்று ஒன்று நின்றது. "நூற்றைம்பது வருஷம் சார், வெள்ளைக்காரன் காலத்து அயிட்டம்" என்றார்கள். விலை 85,000 ரூபாய். முன்பணம் கொடுக்கக் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. நல்லவேளையாக, எங்கள் வீட்டு மர வேலைகளைச் செய்து கொடுக்கும் ஆசாரியையும் கூட அழைத்துப் போயிருந்தேன்.

அவர் பெட்டியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேல் இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவினார். முகர்ந்து பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "சார், இது பாட்டி இல்லை. பாட்டி வேஷம் போட்ட பேத்தி" என்றார். அடிப்பலகை பிளைவுட். அதன் மேல் கறுப்புச் சாயம். பின்பக்கத்தில் நட்சத்திரத் தலை ஸ்குரூ. அந்த வகை ஸ்குரூ 1930-களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. நூற்றைம்பது வயதுப் பெட்டிக்குள் அது எப்படி வரும்?

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் லெட்ஜரும் வவுச்சரும் பார்த்தவன் நான். கையெழுத்து சரியாக இருந்தாலும் தேதியைப் பார்க்காமல் செக்கை பாஸ் செய்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு மரப்பெட்டியின் தேதியைப் பார்க்கத் தெரியாமல் நின்றேன். அந்த வெட்கத்தில்தான் இதன் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

பெட்டியிலிருந்து இழுப்பறைக்கு

இழுப்பறை வருவதற்கு முன் எல்லா நாட்டிலும் இருந்தது ஒன்றுதான்: மேலே மூடி போட்ட பெட்டி. நம் வீடுகளில் மரப்பெட்டி, பிறகு டிரங்குப் பெட்டி. ஐரோப்பாவிலும் அதே கதைதான். துணி, பாத்திரம், பத்திரம், பணம் எல்லாம் அதற்குள். உறுதியானது, பூட்டலாம், மேலே உட்காரலாம். ஒரே ஒரு குறை. அடியில் இருப்பது வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். கல்யாணப் பட்டுப்புடவையை எடுக்கப் போய் வீடு முழுக்கத் துணி பரப்பிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

இங்கிலாந்துத் தச்சர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பெட்டியின் அடிப்பகுதியில் மட்டும் ஒன்றிரண்டு இழுப்பறைகள் வைத்தார்கள். மேலே பெட்டி, கீழே இழுப்பறை. குதிரையும் இல்லாத, கழுதையும் இல்லாத கோவேறு கழுதையின் பெயரையே பிற்காலத்தில் இந்த வகைக்கு வைத்துவிட்டார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் மூடி போட்ட பகுதி மறைந்து, முழுக்க இழுப்பறைகளாகவே ஆன பெட்டி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மற்றதைக் கலைக்காமல் பார்க்க முடிந்தது. மூட்டை கட்டி வைத்த வவுச்சர்கள் தலைப்பு வாரியாக ஃபைலுக்கு மாறியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குமாஸ்தா வாங்கிய பெட்டி

இதை வாங்கிய பழைய வாடிக்கையாளர் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ். தையல்காரரின் மகன். 1660-ல் இங்கிலாந்துக் கடற்படை வாரியத்தில் எழுத்தர் பதவிக்கு வந்தார். ஆண்டுச் சம்பளம் 350 பவுண்டு. அலுவலகத்தை ஒட்டியே குடியிருப்பு, நம் காலத்து ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் போல. 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார், அதையும் சுருக்கெழுத்தில். கையிருப்பு எவ்வளவு என்று அடிக்கடி கூட்டிப் பார்த்து அதில் எழுதி வைப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

1661-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று அவர் வீட்டுக்குச் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போகிறார். தன் அறைக்கு ஓர் இழுப்பறைப் பெட்டி வாங்குகிறார். விலை 33 ஷில்லிங். தனக்கு ஓர் 'இந்திய அங்கி'யும் வாங்குகிறார். அதன் விலை 34 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்ற கணக்கில் அவருடைய ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 19 ஷில்லிங் வருகிறது. ஆக, இழுப்பறைப் பெட்டி இரண்டு நாள் சம்பளத்துக்கும் குறைவு. அங்கியைவிட ஒரு ஷில்லிங் மலிவு!

வீட்டில் தளர்வாக அணியும் இந்த வகை அங்கிக்கு, பிறகு நம் ஊர் வணிகர்களைக் குறித்த 'பனியா' என்ற சொல்லிலிருந்து 'பனியன்' என்ற பெயர் வந்து சேர்ந்தது. நாம் இன்று உள்ளே போடும் பனியனும் அதே சொல்தான்.

பெட்டியும் துணியும் ஒரே நாளில், ஒரே பையிலிருந்து காசு கொடுத்து வாங்கப்பட்டதைக் கவனியுங்கள். 17-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் சூரத், வங்காளத்திலிருந்தும் பருத்தித் துணிகளை ஏராளமாக லண்டனில் இறக்கின. இலேசான, துவைக்கக்கூடிய, சாயம் போகாத துணி. அதை மடித்து அடுக்கி வைக்க, ஆழம் குறைந்த இழுப்பறையைப் போல வசதி வேறு எதிலும் இல்லை.

ஓர் ஆண்டு, இரண்டு சட்டங்கள்

அடுத்த நூற்றாண்டில் 1721-ஆம் ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பருத்தித் துணியால் தங்கள் பிழைப்பு போகிறது என்று இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் பெரிய கிளர்ச்சி செய்திருந்தார்கள். அதன் விளைவாக, அச்சடித்த பருத்தித் துணியை அணிவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் பெரும்பாலும் தடை செய்யும் சட்டம் அந்த ஆண்டு வந்தது. அதே 1721-ல் இன்னொரு சட்டம், அமெரிக்கப் பகுதியிலிருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. இழுப்பறைக்குள் வைக்கும் துணிக்குத் தடை, இழுப்பறை செய்யும் மரத்துக்குச் சலுகை!

இந்த வரி நீக்கத்தால் ஜமைக்கா தீவின் மகோகனி மரம் இங்கிலாந்துக்கு வந்து குவிந்தது. அதற்கு முன் சாதாரணப் பெட்டி ஓக் மரத்தில் இருந்தது. உயர்ந்த பெட்டி என்றால் மலிவான மரத்தின் மேல் வால்நட் மரத்தை மெல்லிய தகடாக அறுத்து ஒட்டியது. மகோகனி அகலமான பலகையாகக் கிடைத்தது, சுலபமாகக் கோணிக்கொள்ளவில்லை, பூச்சி எளிதில் அரிக்கவில்லை. அந்த மரங்களை வெட்டிச் சுமந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பளபளக்கும் ஜார்ஜ் மன்னர் காலத்துப் பெட்டிகளின் கணக்கில் அந்தச் செலவு எழுதப்படவில்லை.

1754-ல் தாமஸ் சிப்பன்டேல் என்ற லண்டன் தச்சர், மேசை நாற்காலி பெட்டிகளின் வடிவங்களைப் படமாக வரைந்து பெரிய புத்தகமாக வெளியிட்டார். பிற ஊர்த் தச்சர்களும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். கடைக்காரர் "சிப்பன்டேல்" என்றால் அது ஒரு பாணியின் பெயர் மட்டுமே. அவர் பட்டறையில் செய்தது என்று பொருள் இல்லை. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தனி விலை கொடுத்துவிடாதீர்கள்.

இழுப்பறைக்குள் எழுதியிருக்கும் தேதி

முகப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பாலிஷ் போடலாம், பித்தளைக் கைப்பிடி மாற்றலாம். உள்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை, அதனால் அங்கேதான் உண்மை தங்கியிருக்கிறது. ஆசாரி ஏன் முதலில் இழுப்பறையைத் திருப்பினார் என்பது படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் மூலை இணைப்பு. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி இழுப்பறைகளில் பலகைகளை ஆணியால் அடித்துச் சேர்ப்பது வழக்கம். பிறகு புறாவின் வாலைப் போல விரிந்த பற்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்தார்கள். இதைத்தான் 'டவ்டெயில்' என்பார்கள். தொடக்கத்தில் மூன்று நான்கு தடித்த பற்கள், 18-ஆம் நூற்றாண்டில் மெலிந்த, நேர்த்தியான பற்கள். எதுவானாலும் கையால் வெட்டியதில் ஒன்று போல மற்றொன்று இருக்காது. உளிக்கு முன் கோடு போட்ட கீறல்கூடத் தெரியும். எல்லாப் பற்களும் அச்சு வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் அது இயந்திரம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்துதான் அது பரவியது.

அடுத்து அடிப்பலகை. ஆங்கிலப் பெட்டிகளில் ஏறக்குறைய 1730-கள் வரை அடிப்பலகையின் மர இழை முன்னிருந்து பின்னாக ஓடும். அதன் பிறகு இடமிருந்து வலமாக ஓடும். பலகையில் ரம்பத்தின் தடம் நேர்க்கோடாக இருந்தால் கையால் அறுத்தது, வட்டமாக வளைந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட ரம்பம். பழைய ஸ்குரூவுக்கு முனை மழுங்கலாக இருக்கும், தலையில் உள்ள பள்ளம் நடுவில் இருக்காது. கூர்முனை ஸ்குரூ ஏறக்குறைய 1850-க்குப் பிறகு பரவியது.

தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். நூறு வருடம் திறந்து மூடிய இழுப்பறையின் பக்கப் பலகை அடியில் தேய்ந்து வளைந்திருக்கும். அது உராயும் சட்டத்திலும் அதே அளவு பள்ளம் விழுந்திருக்க வேண்டும். இழுப்பறை தேய்ந்து, சட்டம் புதிதாக இருந்தால் டெபிட் இருக்கிறது, கிரெடிட் இல்லை என்று பொருள். கணக்கு இடிக்கிறது. ஒரு பெட்டியின் மேல்பாதியையும் வேறொரு பெட்டியின் கீழ்பாதியையும் சேர்த்து விற்பதும் உண்டு. அந்தத் தொழிலில் இதற்குக் 'கல்யாணம்' என்றே பெயர்! ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல இரண்டு பாதியின் மரம், இணைப்பு, பின்பலகை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாகப் பிரியும் பெட்டி

நம் நாட்டில் கிடைக்கும் பழைய இழுப்பறைப் பெட்டிகளில் ஒரு வகைக்குத் தனி வரலாறு உண்டு. கம்பெனிப் படையிலும் பிறகு பிரிட்டிஷ் படையிலும் இருந்த அதிகாரிகள் அடிக்கடி முகாம் மாறினார்கள். மேசை, கட்டில், நாற்காலி, இழுப்பறைப் பெட்டி எல்லாம் கூடவே போக வேண்டும். அதற்காகவே 19-ஆம் நூற்றாண்டில் படைமுகாம் பெட்டி என்ற வகை பெருகியது. பெட்டி நடுவில் இரண்டாகப் பிரியும். கால்கள் திருகிக் கழற்றும்படி இருக்கும். மூலைகளில் அடிபடாமல் பித்தளைப் பட்டை. கைப்பிடி வெளியே நீட்டிக்கொள்ளாமல் மரத்துக்குள் பதிந்திருக்கும், கயிறு கட்டும்போது தட்டாது. லண்டனில் செய்து கொண்டுவந்தவையும் உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் கற்பூர மரத்திலும் செய்தவையும் உண்டு.

இந்த அதிகாரிகள் ஊர் திரும்பும்போது பல சாமான்கள் இங்கேயே ஏலத்தில் போயின. அப்படித்தான் நம் தாத்தாக்களின் வீடுகளுக்குள் சில வந்து சேர்ந்தன. அவை ஏன் பிறகு மூலைக்குப் போயின? கோத்ரெஜ் நிறுவனம் 1923-ல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. கரையானுக்கும் கள்ளனுக்கும் பயப்படாத அந்த இரும்பு பீரோ நாளடைவில் கல்யாணச் சீராகவே ஆகிவிட்டது. 'பீரோ' என்ற பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது பிரெஞ்சுச் சொல். முதலில் எழுதும் மேசை மேல் விரித்த முரட்டுத் துணிக்குப் பெயர், பிறகு மேசைக்கு, பிறகு அந்த மேசை இருந்த அலுவலகத்துக்கு. அமெரிக்காவில் இன்றும் அந்தச் சொல் இழுப்பறைப் பெட்டியைக் குறிக்கிறது. இழுப்பறைப் பெட்டியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு அதன் பெயரை இரும்புக்குக் கொடுத்துவிட்டோம்.

டீச்சர் வீட்டுப் பெட்டி

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் நம் குடியிருப்பிலேயே ஒரு சம்பவம் நடந்தது. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அவரை 'டீச்சர்' என்றே சொல்கிறேன், அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவோம். ஃபிளாட்டை விற்றுவிட்டு வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்காகச் சாமான்களைக் குறைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பழைய சாமான்னா பிடிக்குமாமே, வந்து பாருங்க சார்" என்று அழைத்தார்.

அறையின் மூலையில் கறுத்துப்போய் ஒன்று நின்றது. மேலே இரண்டு சிறிய இழுப்பறை, கீழே மூன்று பெரியது. அதன் மேல் பூஜைச் சாமான், தொலைபேசி, மருந்து டப்பா. ரயில்வேயில் இருந்த மாமனார், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து ஏலத்தில் எடுத்ததாம். பழைய சாமான் வாங்குபவர் வந்து பார்த்து 4,000 ரூபாய் சொல்லியிருந்தார். "மகள் வீட்டு மாடிப்படி குறுகல். இவ்வளவு பெரிசை எப்படி ஏத்தறதுன்னு கேட்கறா. நீங்க வேணும்னா அதே விலைக்கு எடுத்துக்கோங்க சார். அவர்கிட்ட போறதுக்கு உங்க வீட்டுல இருந்தா எனக்கு நிம்மதி" என்றார்.

அனுமதி கேட்டுக்கொண்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவினேன். மூலைப் பற்கள் ஒன்று போல ஒன்று இல்லை. அடிப்பலகை சாம்பல் நிறமாக வெளிறி, இழைப்புளித் தடத்தோடு இருந்தது. பித்தளைப் பட்டை, பதிந்த கைப்பிடி. அடியில் தேய்மானம், சட்டத்திலும் அதே தேய்மானம். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒவ்வோர் இழுப்பறையின் பின்பலகையிலும் உளியால் கீறிய ஒரு குறி. அவை தமிழ் எண்கள்: ௧, ௨, ௩, ௪, ௫. என் தாத்தாவின் கணக்குப் புத்தகத்தில் பார்த்த அதே எழுத்து. எந்த இழுப்பறை எந்த இடத்துக்கு என்று தச்சர் போட்டுக்கொண்ட அடையாளம். வெள்ளைக்கார அதிகாரியின் முகாமுக்கு, வெள்ளைக்கார வடிவத்தில், நம் ஊர் ஆசாரி ஒருவர் செய்த பெட்டி அது. அவர் பெயர் எங்கும் இல்லை. அவருடைய எண் வரிசை மட்டும் இருக்கிறது.

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்" என்று வந்துவிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தேடிக்கொண்டிருந்ததே இதுதான். போலிக்கே 85,000 கேட்டிருந்தார்கள். இது 4,000-க்குக் கிடைக்கிறது. அவராகத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. அவருக்கும் நிம்மதி என்கிறார். எல்லா நியாயமும் என் பக்கம் இருப்பது போலத்தான் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குத் தெரிஞ்சது டீச்சருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விளக்கை அணைத்துவிட்டார்.

கேஷ் கவுன்டரில் மாலை கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் நம் கையிலிருந்து போட வேண்டும். அதிகமாக இருந்தால் அன்றே அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும், பாக்கெட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. யாருடைய பணம் என்று தெரியாதபோதே அப்படி. இங்கே யாருடையது என்று நன்றாகத் தெரியும்.

காலையில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பற்களைக் காட்டினேன், எண்களைக் காட்டினேன். கடையில் கேட்ட விலையையும் சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ௩ என்று கீறிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே, "நாற்பது வருஷமா இதுல துணி வைக்கறேன். ஒரு நாளும் பின்னாடி பார்த்ததில்லை" என்றார். பிறகு, "இதை நான் விக்கக் கூடாதா சார்?" என்றார். "உங்க பொருள் டீச்சர், தாராளமா விக்கலாம். எதை விக்கறோம்னு தெரிஞ்சு வித்தா போதும்" என்றேன்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. படைமுகாம் பெட்டி என்றால் இரண்டாகப் பிரிய வேண்டுமே! பக்கவாட்டில் பார்த்தால் கோடே தெரியவில்லை. பல முறை போட்ட பாலிஷ் அந்த இடைவெளியை அடைத்திருந்தது. ஆசாரியை வரவழைத்தோம். மெல்லிய தகட்டால் சுற்றிலும் கீறிவிட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மேல்பாதி தனியாக வந்துவிட்டது.

சென்ற மாதம் அந்தப் பெட்டி இரண்டு துண்டாக நம் சர்வீஸ் லிஃப்டில் இறங்கி, சின்ன டெம்போவில் ஏறி, டீச்சரின் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. குறுகல் மாடிப்படியில் சிரமமே இல்லை என்று போன் செய்தார். முகாம் மாறுவதற்காகவே செய்த பெட்டி, இன்னொரு முறை முகாம் மாறியிருக்கிறது. என் வீட்டில் இன்னும் இரும்பு பீரோதான்.

வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்

முதலில் நம் லிஃப்ட் கதவின் அகலத்தையும் உங்கள் படுக்கையறை வாசலின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பறையை வெளியே எடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பித்தளை மூலை வைத்த முகாம் பெட்டிகளைப் போலப் புதிதாகச் செய்து விற்பதும் நிறைய நடக்கிறது. புதிதைப் புதிதின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை.

சிறு துளைகளிலிருந்து வெளிறிய மரத்தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. மருந்து அடித்து முடியும்வரை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். வாங்கிய பிறகு பழைய பாலிஷை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டாம், அதோடு வயதும் போய்விடும். இழுப்பறை இறுகினால் அடி விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். ஏசி காற்றும் பால்கனி வெயிலும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். பேரக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெட்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். எல்லா இழுப்பறையையும் ஒரே நேரத்தில் இழுத்து அதன் மேல் ஏறினால் பெட்டி முன்பக்கம் சாய்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் அதன் வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. வாங்கி விற்பவர்களுக்கும் உரிமம் வேண்டும். எனவே ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், அதில் பொருளின் விவரத்தையும் அவர் சொல்லும் காலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் நூற்றைம்பது வருஷம் என்பவர், எழுதித் தரச் சொன்னால் எத்தனை வருஷம் என்று எழுதுகிறார் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மூன்று பிளாக்கில் யாராவது அப்பா அம்மா காலத்து மரச்சாமானைத் தள்ளிவிட நினைத்தால், பழைய சாமான்காரருக்குப் போன் செய்வதற்கு முந்தைய நாள் எனக்கு ஒரு குரல் கொடுங்கள். டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு வருகிறேன். விலை பேச வரமாட்டேன். இழுப்பறையைத் திருப்பிப் பார்த்து, தெரிந்ததைச் சொல்லிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவேன்.